ஆபீசருக்கு இடின்னா ஆகாது

உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் நாலு முழக் கயிற்றில் தீர்வு உண்டு என்று நம்பிய மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எழுபதுகளின் கடைசியில் அவர் தா.பழூர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார். மற்றவர்கள் துண்டு போடுகிற தோளில் அவர் ஒரு சுருள் கயிற்றைப் போட்டிருப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. கயிறு கம்பவுண்டர் என்றால் கொள்ளிடக்கரை வரைக்கும் தெரியும்.

முரட்டுக் காளையைக் கீழே சாய்க்க மற்ற ஊர்களில் ஆறு பேர் வேண்டும். இவர் தனியாகப் போவார். கயிற்றைக் கழுத்தில் ஒரு சுற்று, முதுகில் ஒரு சுற்று, இடுப்பில் ஒரு சுற்று சுற்றி, பின்பக்கம் நின்று மெதுவாக இழுப்பார். மாடு என்ன நடக்கிறது என்று யோசிப்பதற்குள் படுத்திருக்கும். எழுந்த பிறகும் அதற்குக் கோபம் வராது. "மன்னிச்சுக்குங்க" என்று அதனிடம் இவர் சொல்லிவிடுவார். மாடுகளை வாங்க, போங்க என்றுதான் பேசுவார்.

அவர் சைக்கிளுக்குப் பூட்டு கிடையாது. டீக்கடைக் கம்பத்தில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுப் போவார். ஒரு நாள் திருடன் ஒருவன் அந்த முடிச்சோடு மல்லுக்கட்டித் தோற்று, கடைசியில் கம்பத்தைப் பிடுங்கப் பார்த்து மாட்டிக்கொண்டான். கம்பவுண்டர் அவனைத் திட்டவில்லை. முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்று சொல்லிக்கொடுத்து அனுப்பினார். அவருக்கு அதில் ஒரு பெருமை.

நான் அப்போது பிளாக் ஆபீசில் டைப்பிஸ்ட். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். டாக்டர் அரியலூர் போயிருந்தார். என் மனைவி சரோஜா பதறிப்போய்க் கம்பவுண்டரை அழைத்து வந்துவிட்டாள். மனுஷனுக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் தெரியாத பதற்றம். அவர் வந்ததும் என் காதைப் பிடித்தார். "சூடு இருக்கு" என்றார். கண்ணை விரித்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாக் கேள்வியும் சரோஜாவிடம்தான்.

"தங்கச்சி, சார் தீனி எடுக்குறாரா?"

"கஞ்சி குடிச்சாருண்ணே."

"அசை போடுறாரா?"

"எதையாவது மொணமொணன்னு சொல்லிக்கிட்டே இருக்காருண்ணே."

"அதுவும் அசைதான். பயமில்ல. ஆமா, சாரு ஒரு எருமையில பத்துல ஒரு பங்கு தேறுவாரா?"

சரோஜா உடனே பதில் சொல்லியிருக்கலாம். என்னை மேலும் கீழும் பார்த்து ரொம்ப நேரம் யோசித்தாள். அதுதான் எனக்கு வருத்தம். கடைசியில் அவர் மாட்டு மருந்து எதுவும் கொடுக்கவில்லை. மிளகு கஷாயம் வைக்கச் சொல்லிவிட்டு, போகும்போது என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். மறுநாள் நான் எழுந்துவிட்டேன்.

கம்பவுண்டருக்குக் குடும்பம் இல்லை. சொந்த ஊர் வாலிகண்டபுரம் பக்கம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஒரு பொலிகாளை. அந்த வட்டாரத்துப் பசுக்களுக்கெல்லாம் அதுதான் மாப்பிள்ளை. ஜெர்சிக் கலப்பு, கன்றாக இருந்தபோதே கொம்பைத் தீய்த்துவிட்டிருந்தார்கள். ஐநூறு கிலோ தேறும். அதற்கு அவர் வைத்த பெயர் ஆபீசர். கொட்டகைக்கு ஒட்டினாற்போல ஒரு அறையில் இவர் படுத்துக்கொள்வார். "ஆபீசருக்கு இன்னிக்கு மனசு சரியில்ல", "ஆபீசர் பருத்திக்கொட்டைய ஒதுக்கிட்டாரு" என்று டீக்கடையில் கவலையாகப் பேசுவார். புதிதாக மாற்றலாகி வந்தவர்கள், இவ்வளவு விசுவாசமான சிப்பந்தியா என்று ஆச்சரியப்படுவார்கள்.

இனி புயலுக்கு வருகிறேன்.

ஐப்பசி கடைசி. இரண்டு நாளாக ரேடியோவில் வங்கக் கடலில் புயல் சின்னம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடல் எங்கே, தா.பழூர் எங்கே என்று நாங்கள் சும்மா இருந்தோம். அன்று காலை ஆபீசில் என்னை உட்காரவைத்து எச்சரிக்கை நோட்டீஸ் அடிக்கச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. "குடிசைகளிலும் ஓட்டு வீடுகளிலும் வசிப்போர் உறுதியான கட்டடங்களில் தங்கிக்கொள்ளவும்" என்று எட்டுக் கார்பன் காப்பி அடித்தேன். ஜீப்பில் மைக் கட்டி அதை ஊர் முழுக்க வாசித்தார்கள். எங்கள் தெருவில் வாசித்தபோது ஜீப் என் வீட்டு வாசலில் நின்றது. தெருவே திரும்பி என் வீட்டைப் பார்த்தது. அந்தத் தெருவில் தளம் போட்ட வீடு அது ஒன்றுதான்.

என் வீடு என்று பேச்சுக்குச் சொல்கிறேன். நான் குடியிருந்தவன். வீட்டுக்காரம்மா ராஜாமணி அம்மாள் பின்கட்டில் ஓட்டு வீட்டில் இருந்தார். மகனுக்காகத் தளம் போட்டுக் கட்டிய வீடு இது. கூடத்துக்குச் சிவப்பு சிமெண்டுத் தரை. அந்தத் தரையை அந்த அம்மாள் பிள்ளையைப் போல வளர்த்தார். அதில் குடத்தை இழுக்கக்கூடாது, உரலை உருட்டக்கூடாது, மாவு சிந்தக்கூடாது. என் மகள் தவழ ஆரம்பித்தபோதுகூட, "கொலுசு தரையில உரசுது பாரு" என்றார்.

பன்னிரண்டு மணிக்குக் காற்று பிடித்தது. எதிர்வீட்டுச் சைக்கிள் கடை பாய், மனைவி, நாலு பிள்ளைகள், ஒரு டிரங்குப் பெட்டியோடு ஓடிவந்தார். ராஜாமணி அம்மாள் பித்தளைப் பாத்திரங்களோடு வந்து, பெட்டியைத் தரையில் வைக்கவிடாமல் பாய் மேல் வைக்கச் சொன்னார். இதில் வரும் இரண்டாவது பாய் கோரைப்பாய். சரோஜா பெரிய பானையில் சோறு வடித்து இறக்கினாள். என் ஏழு மாத மகள் தூளியில் கிடந்தாள். கதவைச் சாத்தலாம் என்று நான் போனபோது வாசலில் கம்பவுண்டர் நின்றார். தலையில் கோணிச்சாக்கு. சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் எடம் வேணும்."

"இதென்னண்ணே கேள்வி? உள்ள வாங்க."

"எனக்கு இல்ல. ஆபீசருக்கு."

அவருக்குப் பின்னால் வாசல் முழுவதும் இருட்டாக இருந்ததற்கு மேகம் காரணமில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

ராஜாமணி அம்மாள் எழுந்தார். "ஏப்பா கம்பவுண்டரு, ஒனக்கு மூளை கீளை இருக்கா? இது வூடா, கொட்டாயா?"

"கொட்டாயில ரெண்டு தகரம் பறந்துடுச்சும்மா. மிச்சம் பறந்தா அவரு கழுத்தத்தான் அறுக்கும். அவுத்து வுட்டா மெரண்டு கொள்ளிடத்துல போயி வுழுந்துடுவாரு."

"அதுக்கு என் தரைதான் கெடச்சுதா?"

"ஆபீசருக்கு இடின்னா ஆகாதும்மா. தனியா வுட்டா நெஞ்சு வெடிச்சுடும். நீங்க அவர உள்ள வுட்டாப் போதும். நான் வெளியவே நிக்கிறேன்."

அதைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. குளிரில் என்று நினைத்தேன். எனக்கு மனசு இளகியது. ஆனால் குடியிருப்பவன் மனசு இளகி என்ன பயன்? வீட்டுக்காரம்மாவுக்கு இளகவேண்டும். அவர் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

கம்பவுண்டர் மழையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார். "ஏம்மா, இந்த வூட்டுக்குப் பால் காச்சுனப்ப மாடு உள்ள வந்துச்சா?"

அந்த அம்மாளின் கை கதவிலிருந்து இறங்கியது. தெருவுக்கே தெரிந்த கதை அது. கிரகப்பிரவேசத்தன்று கன்றோடு கொண்டுவந்த பசு வாசற்படியில் நின்று ஒரே அடமாக மறுத்துவிட்டது. இழுத்தார்கள், தள்ளினார்கள், வாழைப்பழம் காட்டினார்கள். பழத்தைத் தின்றுவிட்டு மாலையோடு ஓடிப்போனது. அந்த வருஷமே மகன் வேலை கிடைத்து வடக்கே போனான். குடித்தனம் நடத்த வரவே இல்லை. மாடு மிதிக்காத வீடு, அதனால்தான் பிள்ளை தங்கவில்லை என்பது எட்டு வருஷமாக அவர் மனசில் இருந்த குறை.

"அதுக்குப் பசுவுல்ல வரணும்?" என்றார். குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"ஒரு பசு வந்தா ஒரு பசுதாம்மா. இந்தச் சுத்துவட்டாரத்துல பாதி கன்னுக்கு இவருதான் அப்பன். இவரு வந்தா எரநூறு பசு வந்த கணக்கு."

அந்த நேரம் ஒரு காற்று வந்து பாய் வீட்டுக் கூரையில் நாலு ஓட்டைத் தூக்கிப்போட்டது. ராஜாமணி அம்மாள் முடிவு செய்துவிட்டார்.

"வலது கால எடுத்து வச்சு வரச் சொல்லு."

கம்பவுண்டர் காளையின் இடது தோளில் லேசாகத் தட்டினார். அது வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தது. நிலைக்கும் அதன் விலாவுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. சூடம் பற்றவில்லை, தீப்பெட்டி நமுத்துப் போயிருந்தது. ராஜாமணி அம்மாள் குங்குமத்தை மட்டும் எடுத்து ஆபீசர் நெற்றியில் வைத்தார். ஆபீசர் கூடத்தின் நடுவில் போய் நின்று, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து, அரைக் குடத்துக்குக் குறையாமல் கோமியம் விட்டார்.

சரோஜா தரையைப் பார்த்தாள். நான் சரோஜாவைப் பார்த்தேன். ராஜாமணி அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கோமியம் வுட்டுட்டாரு. இனிமே இந்த வூட்டுக்கு ஒரு கொறையும் வராது."

பாய் டிரங்குப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். "வராதும்மா. ஆனா பொட்டி வரைக்கும் வந்துடுச்சு."

கம்பவுண்டரை வெளியே நிற்கவிடவில்லை. அவர் உள்ளே வந்ததும் முதல் வேலையாகத் தூளியின் முடிச்சை இழுத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். குழந்தையைச் சரோஜா கையில் கொடுத்துவிட்டு, தன் தோள் கயிற்றால் தூளியைப் புதிதாகக் கட்டினார். "இப்ப கன்னுக்குட்டியையே போடலாம்" என்றார்.

இரண்டு மணிக்கு மேல் வந்தது காற்று இல்லை. அதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கிழக்குப் பார்த்த வீடு. கிழக்கிலிருந்து அது நேராகக் கதவில் வந்து மோதியது. முதலில் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டது. பிறகு குறுக்குக் கட்டை முறிந்தது. உள்ளே கரையான் தின்று வெறும் தோல்தான் இருந்திருக்கிறது. கதவு இரண்டும் படாரென்று திறந்து, மழையும் மண்ணும் முருங்கைக் கிளையும் கூடத்துக்குள் வந்தன. நானும் பாயும் கதவைத் தள்ளினோம். கதவு எங்களைத் தள்ளியது. ஒரு தகரம் சுழன்று வந்து, பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு இரண்டடி முன்னால் சுவரில் செருகி நின்றது.

"எல்லாரும் அடுக்களைக்குப் போங்க" என்று கம்பவுண்டர் கத்தினார். "ஆபீசர், இப்புடி வாங்க."

காளையைத் திருப்பி, அதன் விலாவைக் கதவுக்குக் கொடுத்து நிறுத்தினார். கதவு மூடிக்கொண்டது. காற்று தள்ளியது. காளை திருப்பித் தள்ளியது.

"மாட்ட நீங்க ஒரு பக்கம் தள்ளுனா, அது ஒங்க பக்கமேதான் சாயும். ஒதுங்கிப் போவாது" என்றார். "காத்து எவ்ளோ தள்ளுதோ அவ்ளோ இவரும் தள்ளுவாரு. அசையாம நின்னாப் போதும்."

அசையாமல் நின்றால் போதும். அதுதான் எங்கள் பயம். ஐநூறு கிலோ மிருகம் மிரண்டு அந்தச் சின்ன வீட்டுக்குள் துள்ளினால் புயலுக்கு வேலை மிச்சம். விலகினால் கதவு திறக்கும், அடுத்த தகரம் குறி தவறாது. உள்ளே ஐந்து குழந்தைகள். எங்கள் எல்லோருடைய உயிரும் அவர் கையிலிருந்த மூக்கணாங்கயிற்றில் இருந்தது.

அப்போதுதான் முதல் இடி இறங்கியது.

கூடத்திலிருந்து ஓர் அலறல் கேட்டது. வீட்டுச் சுவரே பிளந்த மாதிரி அலறல். மாடு மிரண்டுவிட்டது, தீர்ந்தோம் என்று நான் அரிக்கன் விளக்கைத் தூக்கிக்கொண்டு அடுக்களை வாசலுக்கு வந்தேன்.

ஆபீசர் சாவதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தார். கண்கூடப் பாதி மூடியிருந்தது. அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இறுக்கிக் கண்ணை மூடி அலறிக்கொண்டிருந்தவர் கம்பவுண்டர்.

என்னைப் பார்க்கவில்லை. அடுத்த மின்னலுக்கே காளையின் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். இடி வந்ததும் மறுபடி அலறினார். அலறல் முடிந்ததும் உடனே காளையின் காதில், "ஒண்ணுமில்லங்க, ஒண்ணுமில்லங்க, நான் இருக்கேன்ல" என்றார். யாருக்கு இடி ஆகாது என்று அந்த நிமிஷம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்துபோனது.

சரோஜா என் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். "அண்ணே, கயித்த அவருகிட்ட குடுத்துட்டு நீங்க இங்க வந்துடுங்க."

அவர் என்றால் நான். என் கால் ஓரடி முன்னால் போயிற்று. மற்றொரு கால் போகவில்லை. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

"வேணாம் தங்கச்சி. சாரு புது ஆளு. ஆபீசரு பயந்துடுவாரு." பல் தந்தியடித்தது. "அவரு நிக்கணும்னா நான் நிக்கணும்."

நின்றார். சாயங்காலம் வரைக்கும், ஒவ்வொரு இடிக்கும் அலறிக்கொண்டே நின்றார். இரண்டு இடிகளுக்கு நடுவில் காளையிடம் ஊர்க்கதை பேசினார். அடுத்த வாரம் புதுப் பிண்ணாக்கு வரப்போவதைச் சொன்னார். ஒருமுறை வேப்பமரம் முறிந்து கதவின் மேலேயே விழுந்தது. ஆபீசர் ஓரடி முன்னால் வந்துவிட்டார். கதவு சாண் அளவு திறந்து காற்று ஊளையிட்டது. கம்பவுண்டர் ஓடியிருக்கலாம். ஓடவேண்டும் என்று அவர் உடம்பு முழுக்க எழுதியிருந்தது. அவர் காளைக்கு இந்தப் பக்கம் வந்து, அதன் விலாவில் தன் நெற்றியை முட்டுக்கொடுத்துத் தள்ளினார். "சாயுங்க ஆபீசர், சாயுங்க, புள்ளைங்க இருக்கு." ஆபீசர் அவர் பக்கமே சாயப் பார்த்தார். இவர் விடாமல் அழுது அழுது தள்ளினார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் ஓடிப்போய்ப் பக்கத்தில் தோளைக் கொடுத்தேன். பாயும் வந்தார். மூன்று பேரும் ஒரு மாடுமாக அந்தக் கதவை மூடினோம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் காற்று ஓய்ந்தது. கதவைத் திறந்தோம். பாய் வீட்டுக்கு மேலே வானம் தெரிந்தது. பின்கட்டில் ராஜாமணி அம்மாளின் வீடு மொத்தமாக இறங்கி அவர் படுக்கிற கட்டிலை மூடியிருந்தது. தகரக் கொட்டகை இருந்த இடத்தில் நாலு குழி மட்டும் இருந்தது. ராஜாமணி அம்மாள் அந்தக் கட்டிலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

கம்பவுண்டர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கயிற்றைச் சுற்றியிருந்த விரல்கள் இறுகிப்போய்த் திறக்க வரவில்லை. சரோஜா வெதுவெதுப்பாக எண்ணெய் எடுத்துவந்து, "காத்து போயிடுச்சு, வுடுங்கண்ணே" என்று ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். கடைசி விரல் பிரிந்தபோது அவர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"தங்கச்சி... நான் சத்தம் கித்தம் போட்டனா?"

சரோஜாவுக்குப் பொய் வராது. வாயைத் திறந்துவிட்டாள். அதற்குள் ராஜாமணி அம்மாள் முந்திக்கொண்டார்.

"நீ எங்கப்பா சத்தம் போட்ட? மாடுல்ல ஓயாம கத்துச்சு. என் காதே போச்சு."

"ஆமா கம்பவுண்டரே" என்றார் பாய். "பாவம், ரொம்ப பயந்துடுச்சு. அல்லாதான் அத தாங்கிப் புடிச்சான்."

அன்று முழுவதும் ஒரு சத்தமும் போடாத ஆபீசர் எங்கள் கோரைப்பாயின் ஓரத்தைத் தின்றுகொண்டிருந்தார். கம்பவுண்டர் அதன் திமிலைத் தடவினார். முகத்தில் நிம்மதி வந்தது.

"உருவந்தாம்மா பெருசு. மனசு பச்சப்புள்ள" என்றார்.

பதினோரு பேர் இருந்த கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை, பாயின் கடைக்குட்டி உட்பட. தா.பழூரை விட்டு வரும்வரை நாங்கள் யாரும் அந்தப் பொய்யை உடைக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து இன்று நான் உடைப்பதற்கு ஒரே காரணம், படித்துவிட்டு வெட்கப்பட அவர் இப்போது இல்லை. இருந்து வெட்கப்பட்டிருக்கலாம்.